போன சீசனும் இந்த சீசனும்: மலை ஊர் வெப்சைட்டுக்கு எந்த அனலிட்டிக்ஸ்?

கோத்தகிரியில் இரண்டு சின்ன வெப்சைட்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று ஹோம்ஸ்டே, இன்னொன்று கிரீன் டீயும் யூகலிப்டஸ் தைலமும் விற்கிற கடை. ஹோம்ஸ்டே அக்கா ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "போன சீசனுக்கு இந்த சீசன் எப்படி தம்பி? சைட்டைப் பார்த்துட்டு எத்தனை பேர் கூப்பிட்டாங்க?"

சைட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று எண்ணுவதுதான் அனலிட்டிக்ஸ் கருவிகளின் வேலை. கூகுளின் ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4), மட்டோமோ, பிளாசிபிள் மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். சென்னைத் துணிக்கடைக்குப் போன வாரக் கணக்கு போதும். நமக்கு ஏப்ரல், மே, நடுவில் மழை, அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன். ஜூலையை மே மாதத்தோடு ஒப்பிட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு வருடம் பின்னால் போய்ப் பார்க்க முடிய வேண்டும்.

அதில்தான் பலருக்கு இழப்பு. ஜிஏ4க்கு முன்னால் கூகுள் தந்த பழைய யூனிவர்சல் அனலிட்டிக்ஸ், இலவசக் கணக்குகளுக்கு 2023 ஜூலை 1 அன்று எண்ணுவதை நிறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் பழைய எண்களும் போய்விட்டன. அதற்குச் சில வாரம் முன்னால்தான், 2024 மே 7 அன்று, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. இ-பாஸ் வந்ததால் விசாரிப்பவர்கள் குறைந்தார்களா என்று பார்க்க 2023 சீசன் எண்கள் கட்டாயம் வேண்டும். ஹோம்ஸ்டேக்கு அவற்றைத் தாளாக எடுத்து வைத்தேன். கடைக்கு எடுக்கவில்லை. கடையின் இரண்டு வருடக் கணக்கு போனது போனதுதான், எனக்கு இன்னும் வருத்தம்.

எடுத்து வைத்த எண்களையும் அப்படியே ஜிஏ4 எண்களின் பக்கத்தில் வைத்துவிடக் கூடாது. ஹோம்ஸ்டே சைட்டில் 'மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வழி' என்று ஒரு பக்கம் உண்டு. சீசனில் ஊட்டிக்கு ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று போலீஸ் ஒருவழியாக மாற்றும்போது அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் தேடி வருவார்கள். மூன்று நிமிடம் நின்று படித்துவிட்டு மூடிவிடுவார்கள். வேறு எதையும் தொடாததால் பழைய கருவி அதை 'பவுன்ஸ்' என்று எழுதும், தங்கிய நேரம் பூஜ்யம் என்று காட்டும். அதை நம்பி அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தோம். ஜிஏ4இல் 10 வினாடிக்கு மேல் நின்றாலே அது ஈடுபாடுள்ள வருகை. அதே பக்கம், அதே ஆட்கள், ஆனால் இப்போது சைட்டிலேயே நன்றாக ஓடுகிற பக்கம் அதுதான். ஆக, பவுன்ஸ் திடீரென்று குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், எந்தக் கருவியின் பவுன்ஸ் என்று பாருங்கள்.

ஜிஏ4இன் பலம் கூகுள் விளம்பரம். கிளிக்குக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்றால் எந்த விளம்பரம் ஆளைக் கூட்டி வந்தது என்பதை இதுபோல வேறு எதுவும் சொல்லாது. ஆனால் சீசன்காரர்கள் உடனே மாற்ற வேண்டிய ஒரு செட்டிங் இருக்கிறது. விரிவான அலசலுக்கான தரவை இலவச ஜிஏ4 தானாக விட்டால் 2 மாதம்தான் வைத்திருக்கும். 14 மாதம் என்று நாமே மாற்ற வேண்டும், அழிந்தது திரும்ப வராது. சாதாரண அறிக்கைகளில் பழைய எண்கள் இருக்கும். ஆனால், "வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டவர்கள் அதற்கு முன் எந்தப் பக்கம் பார்த்தார்கள்" என்று தோண்டும்போதுதான் இந்த வரம்பு தடுக்கும். 14 மாதம் என்றாலும் ஜூனில் உட்கார்ந்து போன வருட மே மாதத்தைப் பார்க்கலாம், அதற்கும் முந்தைய வருட மே மாதத்தை முடியாது. கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியில் இணைத்தால் எல்லாவற்றையும் சேமிக்கலாம், ஆனால் இணைத்த நாளிலிருந்துதான். பில்லிங் தராமல் சாண்ட்பாக்ஸ் என்ற அதன் இலவச வடிவத்திலேயே விட்டால் அங்கேயும் அட்டவணைகள் 60 நாளில் அழிந்துவிடும். நேர மண்டலத்தையும் பாருங்கள். எனக்கு வந்த ஒரு கணக்கு அமெரிக்க பசிபிக் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் அங்கே நள்ளிரவு, நமக்குப் பகல் 12:30. சனிக்கிழமை காலையில் வந்த விசாரணையெல்லாம் வெள்ளிக்கிழமையில் உட்கார்ந்திருந்தது.

இன்னொன்று, வாட்ஸ்அப் இணைப்பைத் தொட்டால் வெளி கிளிக் என்று ஜிஏ4 தானாக எண்ணும். போன் நம்பரைத் தொட்டால் எண்ணாது, கூகுளின் டேக் மேனேஜர் என்ற கருவியில் நாம் அமைக்க வேண்டும். அக்கா கேட்பதோ போனைத்தான்.

பிளாசிபிள் இதற்கு நேர் எதிர். ஒரே பக்கம், கீழே இழுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். குக்கி கிடையாது. சைட்டில் நாம் சேர்க்கிற அதன் ஸ்கிரிப்ட் ஓரிரு கேபிதான். மழைக்காலத்தில் ஒரு கோடு சிக்னலில் சைட்டைத் திறப்பவருக்கு அது பெரிய விஷயம். போன் பட்டனின் எச்டிஎம்எல்லில் ஒரு கிளாஸ் பெயர் சேர்த்தால் எண்ணத் தொடங்கிவிடும். ஜிஏ4 பழைய எண்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். மாதக் கட்டணம் உண்டு, அதுவும் வெளிநாட்டுப் பணத்தில். எனக்குக் கட்டணத்தைவிடப் பெரிய குறை வேறு. ஆளை அடையாளம் வைக்கிற சாவியை அது தினமும் மாற்றிவிடும். ஈரோட்டில் ஒரு குடும்பம் திங்கட்கிழமை ரூமைப் பார்க்கும், வீட்டில் பேசும், வியாழக்கிழமை திரும்ப வந்து போன் பண்ணும். பிளாசிபிளுக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். ஹோம்ஸ்டே புக்கிங் அப்படித்தான் நடக்கிறது என்பதால், ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டு போன் எண்ணிக்கையை மட்டும் நம்பச் சொல்வேன்.

மட்டோமோ 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கியது, 2018இல் பெயர் மாறியது. நம் சர்வரிலேயே பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் வைத்து இலவசமாக ஓட்டலாம். தரவு நம்மிடமே இருக்கும். நாமாக அழிக்கச் சொன்னால் ஒழிய ஐந்து சீசனுக்கு முந்தையதையும் தோண்டலாம். கேட்கவே இனிக்கிறது. ஆனால் ஆள் வேண்டும். கடைக்கு அதை, பல சைட்டுகள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஹோஸ்டிங்கில் போட்டோம். டேட்டாபேஸ் ஒதுக்கீடு நிரம்பி இரண்டு நாள் ஒரு வருகைகூடப் பதிவாகவில்லை. அதுவும் ஆயுத பூஜை விடுமுறையில். அதன் பிறகு அறிக்கை தயாரிப்பதைக் குறித்த நேரத்தில் சர்வரே செய்கிற கிரான் வேலையாக மாற்றி, டேட்டாபேஸில் இடம் மீதி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறேன். அப்புறம் தொந்தரவு இல்லை. உமாமி, கோட்கவுண்டர் இரண்டும் இதே வழியில் இன்னும் எளிமையானவை, வலைப்பதிவு எழுதுகிறவருக்குத் தாராளமாகப் போதும்.

ஊர்ப் பெயரை எதிலும் ரொம்ப நம்ப வேண்டாம். மூன்றுமே ஐபி முகவரியை வைத்துத்தான் ஊரைச் சொல்கின்றன. மொபைல் டேட்டாவில் வருகிற ஈரோட்டுக்காரர் சென்னை என்றோ கோவை என்றோ வந்து நிற்பார்.

என் முடிவு இது. விளம்பரத்துக்குச் செலவு செய்பவர் ஜிஏ4இலேயே இருங்கள். கடைக்கு மட்டோமோ. ஹோம்ஸ்டேக்கு பிளாசிபிள்தான், ஏனென்றால் அக்கா அதை என்னைக் கேட்காமல் தன் போனிலேயே திறந்து பார்க்கிறார். மாறுகிறவர்கள் பிப்ரவரியிலேயே புதிய ஸ்கிரிப்டைச் சேர்த்துவிடுங்கள். பழையதை எடுக்க வேண்டாம். இரண்டும் மே கடைசி வரை சேர்ந்தே ஓடட்டும். போன் பட்டன் எண்ணிக்கையை வாரம் ஒருமுறை இரண்டிலும் பார்த்து, கால் லாக்கோடு ஒத்துப் பாருங்கள். ஜூனில், பழையதன் எண்களைத் தாளாக எடுத்து வைத்த பிறகு, அதை எடுத்துவிடலாம்.