பர்மாவுக்கா, தோட்டத்துக்கா? ஒரு நாவலின் இரண்டாம் பாகத்துக்கு இரு வரைவுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்துத் தங்கை ஒருவர், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ரப்பர் தோட்டத்துப் பெண்ணொருத்தியை நாயகியாக வைத்து எழுதிய சரித்திர சாகச நாவல் எங்கள் அனைவருக்கும் பெருமை தந்தது. அரண்மனையை விட்டு வெளியே வந்த சரித்திர நாவல்கள் நம்மிடம் குறைவு. இப்போது அதன் இரண்டாம் பாகத்துக்கு இரண்டு வரைவுகளை எழுதி, எதைத் தொடரலாம் என்று கேட்டிருக்கிறார். இரண்டையும் ஆவலோடு படித்தேன். இரண்டிலும் மகிழ்ச்சியும் மனக்குறையும் கலந்தே கிடைத்தன.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தார். அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் கேப்டன் லட்சுமியின் தலைமையில் பயிற்சி முகாம் தொடங்கியது. தோட்டத்தில் விடியலில் பெயர் அழைக்கும் பிரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்று பழகிய, ரப்பர் பால் வெட்டும் ஒரு பெண் அந்த முகாமில் துப்பாக்கி ஏந்தியதுதான் முதல் பாகம். ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கணவனைப் பறிகொடுத்தவள், பட்டினிக்குத் தப்பி வந்தவள், தகப்பனின் குடிக்குத் தப்பி வந்தவள் என்று உடனிருந்த ஒவ்வொருத்திக்கும் வீட்டை விட்டு வரத் தனிக் காரணம் இருந்தது. அந்நாவலின் உயிரே அதில்தான் இருந்தது.

முதல் வரைவு நாயகியைப் பர்மாவுக்குக் கொண்டுசெல்கிறது. 1945 ஏப்ரல் இறுதியில் நேதாஜியோடு ரங்கூனை விட்டுப் புறப்பட்ட பெண்கள், விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் மறைந்திருந்து இரவில் நடந்து பாங்காக்கை நோக்கிப் பின்வாங்கிய பயணம் இதில் மிக நன்றாக வந்திருக்கிறது. காலணியைக் கழற்றும்போது கொப்புளத் தோல் காலுறையோடு உரிந்து வருவதையும், அதை எவரும் பேச்சாக்காமல் மறுபடி கட்டிக்கொண்டு எழுவதையும் சொல்லும் பத்தியை நான் இருமுறை படித்தேன்.

ஆனால் அதற்கு முந்தைய அத்தியாயங்களில் நாயகி தனியொருத்தியாக ஒரு பாலத்தைத் தகர்க்கிறாள். தோழியர் நடுங்கி அழுகிறார்கள். ராணிப் படைக்குப் போர்முனையில் நேருக்கு நேர் நின்று போரிடும் வாய்ப்பே அமையவில்லை என்பதை நாம் அறிவோம். பர்மாவின் மேமியோ நகரில் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள், காயம்பட்டோரைப் பராமரித்தார்கள். போருக்கென்றே பயின்றுவிட்டு அனுப்பப்படாமல் காத்திருந்த அந்த மனக்கொதிப்பை விட்டுவிட்டு, இல்லாத ஒரு சமரை ஏன் உருவாக்க வேண்டும்? ஒருத்தியை உயர்த்திக் காட்ட மற்றவர்களைக் கோழைகளாக்குவதைப் பெண்ணியம் என்று என்னால் ஏற்க இயலவில்லை. முதல் பாகத்தில் நாம் நேசித்த அதே தோழியர்தாம் இங்கே வெறும் அழுகுரலாகச் சுருங்கிவிடுகிறார்கள்.

இரண்டாம் வரைவு, படை கலைந்தபின் அவளை நம் ஊர்த் தோட்டத்து லயத்துக்கே, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கே, திருப்பி அனுப்புகிறது. சாகசம் முடிந்துபோகுமோ என்ற ஐயத்தோடுதான் தொடங்கினேன். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில், தோட்டத்துக் கணக்கரான கிராணி எடையைக் குறைத்துச் சொல்லும் காட்சி அந்த ஐயத்தைப் போக்கியது. எழுத்தறியாத ஒரு கிழவி தன் ஒவ்வொரு நாள் எடையையும் முந்தானை நூலில் முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறாள். முகாமில் எழுத்தறிந்து வந்த நாயகி அந்த முடிச்சுகளைக் கணக்காக எழுதி, கிராணியின் முன் உரக்கப் படிக்கிறாள். இருவர் துணிவும் சேர்ந்தால்தான் அந்தக் காட்சி நிற்கும். அந்தக் கிழவி 1941இல் கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தத்தில் நின்றவள் என்பதும் பொருத்தமே. அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூடுவதும், தோட்டத்துப் பெண்களிடம் அதிகாரிகள் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவதும் இருந்தன.

வீடு திரும்பியதோடு ராணிகளின் கதை முடிந்துவிடவுமில்லை. படையில் இருந்த ராசம்மா பூபாலன் பின்னாளில் பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்துக்காகப் போராடினார் என்பதே இந்த வரைவின் திசைக்குப் போதுமான சான்று.

இதிலும் குறை உண்டு. கூட்டம் என்று வந்துவிட்டால் நாயகி பக்கக்கணக்கில் மேடைப்பேச்சுப் பேசுகிறாள். முடிச்சு நூலில் விளங்கியதையே சொற்பொழிவில் மறுபடி கேட்க நேர்கிறது. அதைவிட என்னை வருத்தியது 1948. ஜூன் 16ஆம் நாள் எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அவசரகாலம் அறிவித்ததும் நம் ஊர் வாசலில் நடந்தவை. அன்று தொழிற்சங்கத்தில் பெயர் கொடுத்திருந்த ஒரு பெண்ணுக்கு எத்தனை பக்கத்திலிருந்து ஆபத்து வந்திருக்கும்! பாலம் தகர்ப்பதைவிடப் பெரிய சாகசத்துக்கு அங்கே இடமிருக்க, வரைவு அதை இரண்டே பக்கத்தில் கடந்துவிடுகிறது.

நான் இரண்டாம் வரைவையே தேர்ந்தெடுக்கிறேன். முதல் வரைவின் இரவு நடையைக் கைவிட மனம் வரவில்லை. அதை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் மற்றப் பெண்களிடம் நாயகி சொல்லும் நினைவாக ஓர் அத்தியாயத்தில் சேர்த்துவிடலாம். பாலத்தை நீக்கிவிட்டு, மேடைப்பேச்சைப் பாதியாக்கி, மிஞ்சும் இடத்தை எல்லாம் 1948க்குக் கொடுக்கும்படி தங்கையிடம் கேட்டிருக்கிறேன்.