துவாக்குடியில் ஒரு பரிசோதனைக்கூடம்: ஃபோர்ஜிங் சான்றிதழைச் சரிபார்க்கக் கொடுத்த அனுபவம்

திருச்சியை அடுத்த துவாக்குடியில் அழுத்தக்கலன் செய்யும் பட்டறை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். வெளியிலிருந்து வாங்கிய ஃபோர்ஜிங் ஃபிளேஞ்சுகளின் (காய்ச்சி அடித்து உருவாக்கிய, குழாய்களை இணைக்கும் எஃகு வளையங்கள்) சான்றிதழைச் சரிபார்க்க, சென்ற மாதம் இப்பகுதியிலுள்ள ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தை அணுகினோம். நிறையோடு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

ஃபிளேஞ்சுகள் எஸ்.ஏ. 350 எல்.எஃப்.2, கிளாஸ் 1 என்ற எஃகுத் தரம். பூஜ்யத்துக்குக் கீழான குளிரில் இயங்கும் கலனுக்கானவை. இந்தத் தரத்துக்கு மைனஸ் 46 டிகிரி செல்சியஸில் சார்பி மோதல் சோதனை (வெட்டுப் போட்ட மாதிரியைச் சுத்தியலால் உடைத்து, உடைய எவ்வளவு ஆற்றல் வாங்குகிறது என்று அளப்பது) கட்டாயம்; மூன்று மாதிரிகளின் சராசரி 20 ஜூலுக்குக் குறையக் கூடாது, எந்த ஒரு மாதிரியும் 16-க்குக் கீழே போகக் கூடாது. வந்திருந்தது, சோதனைச் சான்றிதழ்களுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 10204-இன் 3.1 வகைச் சான்றிதழ். உற்பத்திப் பிரிவைச் சாராத, ஆனால் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் கையொப்பமிடுவது இந்த வகை; வாங்குபவரின் பிரதிநிதியும் பார்த்துக் கையொப்பமிட வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே 3.2 கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

தாளைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. வெவ்வேறு ஹீட் நம்பர் (எஃகு எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) கொண்ட இரண்டு சான்றிதழ்களை அருகருகே வைத்துப் படித்தபோதுதான், இழுவலிமையும் ஈல்ட் அளவும் (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் இழுப்பு) மூன்று மோதல் அளவுகளும் இரண்டிலும் ஒன்றேபோல் இருந்தது கண்ணில் பட்டது. கடினமும் ஒத்துப்போகவில்லை. இத்தகைய எஃகில் பிரினெல் கடின எண்ணை 3.45-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ இழுவலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். சான்றிதழில் கடினம் 181, அதன்படி 620-ஐ ஒட்டி வர வேண்டிய இழுவலிமை 512 என்றிருந்தது.

முதலில் நாங்களே ஒரு துண்டை அறுத்து எடுத்துச் சென்றோம். பரிசோதனைக்கூடத்தில் மாதிரிகளைப் பெறும் பொறியாளர் அதை வாங்க மறுத்துவிட்டார். அறுப்பதற்கு முன் ஹீட் நம்பரைப் பார்த்தவர் யார், இந்தத் துண்டு அந்த ஃபிளேஞ்சினுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அப்போது சிறிது வருத்தமாக இருந்தாலும், அவர் கேட்டதே நியாயம். மறுநாள் முழு ஃபிளேஞ்சையும் கொண்டுபோனோம். விற்பனையாளரின் ஆளும் நானும் பக்கத்தில் நிற்க, அறுக்க வேண்டிய ஒவ்வொரு பகுதியிலும் ஹீட் நம்பரைப் பஞ்சால் அடித்து, படமெடுத்து, மூவரிடமும் கையொப்பம் வாங்கிய பிறகே ரம்பத்தில் ஏற்றினார்கள்.

மோதல் சோதனையை நேரில் பார்க்க அனுமதித்தார்கள். 10 மில்லிமீட்டர் சதுரமும் 55 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட மாதிரியில் 2 மில்லிமீட்டர் ஆழ ‘வி’ வெட்டு. அதன் முனை வளைவு சரிதானா என்று நிழற்திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். உலர்பனிக்கட்டி கலந்த ஆல்கஹால் தொட்டியில் மாதிரியோடு இடுக்கியும் கிடந்து குளிர்ந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறியதும் எடுத்துத் தாங்கியில் வைக்க, ஐந்து நொடிக்குள் சுத்தியல் இறங்கிவிட்டது. 17, 12, 24 ஜூல். சராசரி 18-ஐக்கூட எட்டவில்லை. உடைந்த முகம் கற்கண்டை உடைத்தாற்போல் மினுமினுத்தது. நன்றாக நார்மலைஸ் செய்த (உலையில் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டு மணிகளைச் சிறிதாக்கிய) எஃகு மங்கிய சாம்பல் நிறத்தில், நார் நாராகக் கிழிந்திருக்கும், பக்கங்களும் பிதுங்கியிருக்கும்.

இழுவிசைச் சோதனையில் அதே ஃபிளேஞ்ச் தேறிவிட்டது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். இழுவலிமை 612, 485 முதல் 655 வரை என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது. நீட்சியும் தேவையான 22 சதவீதத்தைத் தாண்டியது. செலவைக் குறைக்க இழுவிசை மட்டும் பார்த்தால் போதும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்டிருந்தால் இந்த ஃபிளேஞ்சுகள் கலனில் பற்றவைக்கப்பட்டிருக்கும். நுண்ணோக்கியில் எடுத்த நுண்ணமைப்புப் படத்தில் எஃகின் மணிகள் பருத்துத் தெரிந்தன. அறிக்கையைக் கண்டதும், அந்த லாட் நார்மலைஸ் செய்யும் உலைக்கே போகவில்லை என்றும் பழைய சான்றிதழின் எண்கள் ஏறிவிட்டன என்றும் விற்பனையாளர் ஒப்புக்கொண்டு, சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இனிக் குறைகள். நான்கு நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை ஏழாம் நாள்தான் வந்தது; அதுவரை பற்றவைப்பு வேலை நின்றது. இதைவிட முக்கியமானது, நுண்ணமைப்புச் சோதனை அவர்களுடைய என்.ஏ.பி.எல். (பரிசோதனைக்கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகார எல்லைக்குள் இல்லை என்பதை விலைப்புள்ளியிலேயே தெரிவித்திருக்க வேண்டும். முத்திரையில்லாத தனித்தாளாக அது கைக்கு வந்தபோதுதான் அறிந்தோம். வாடிக்கையாளரின் ஆய்வாளர் அந்தத் தாளைக் கணக்கில் எடுக்கவில்லை. கொடுப்பவர்கள் ஒவ்வொரு சோதனையும் எல்லைக்குள் உள்ளதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனையாளரின் ஆளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

முதல் அறிக்கையில் ஹீட் நம்பரிலுள்ள ‘ஓ’ எழுத்து பூஜ்யமாகத் தட்டச்சாகியிருந்தது. மாதிரி எந்தத் திசையில் எடுக்கப்பட்டது என்பதும் விடுபட்டிருந்தது. சுட்டிக்காட்டியதும் கையால் திருத்தித் தராமல், எது மாறியது என்பதைக் குறிப்பிட்டு, திருத்த எண்ணோடு புதிய அறிக்கையை மறுநாளே அனுப்பினார்கள். உடைந்த மாதிரிகளையும் ஹீட் நம்பர் எழுதிய உறையில் வைத்துத் திருப்பித் தந்தார்கள். மாற்றாக வரவிருக்கும் லாட்டையும் அங்கேயே கொடுக்கப்போகிறோம். இம்முறை நுண்ணமைப்புச் சோதனைக்கு மட்டும் வேறிடம்.