செல்ஃப் எடுக்காத காரும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

வட சென்னை திருவொற்றியூரில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி, கூரையில்லாத வாசலில் நிற்கும் பழைய பெட்ரோல் கார் என்னுடையது. அதற்குள் சில வருடங்களாக வோல்ட், ஆம்பியர் அளக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடக்கிறது. ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண மாடல்தான். காருக்கென்று வாங்கிய சாமான்களில் இந்த அளவுக்கு உழைத்தது வேறு எதுவும் இல்லை.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் தெருவில் வருகிற முதல் தீர்ப்பு, "பேட்டரி போச்சு". பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதி நேரத்தில் நல்ல பேட்டரி எக்ஸ்சேஞ்சில் போய்விடுகிறது, கோளாறு அப்படியே இருக்கிறது. சோதிக்காமல் பேட்டரியை விற்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். காசு பறிபோவது பெரும்பாலும் வாடகைக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கு.

முதலில் பார்க்க வேண்டியது, செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார், சுற்றுகிறதா இல்லையா என்பது. நல்ல வேகத்தில் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், அது பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் பக்கம். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் ஃப்யூயல் பம்ப் ஓரிரு நொடி முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள், இம்மொபிலைசர் (வேறு சாவியில் வண்டி கிளம்பாமல் தடுக்கும் பூட்டு) விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல், காரின் கம்ப்யூட்டரிலிருந்து கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதுதான் நல்லது. சுற்றவே இல்லை என்றால்தான் மீட்டருக்கு வேலை.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைய சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஆனால் நிற்கும்போது காட்டும் வோல்ட்டை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சும்மா இருக்கும்போது 12.5 காட்டி, சாவியைத் திருப்பியதும் 7, 8 என்று விழுந்தால் அந்தப் பேட்டரி முடிந்தது. சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்காமல் நிற்க வேண்டும். வண்டி ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது.

சத்தமும் பேசும். டகடகவென்று தொடர்ந்து அடித்தால் வோல்ட் பற்றவில்லை. ஒரே ஒரு 'டக்' என்றால் செல்ஃபுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்சான சோலினாய்டு இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச். சில கார்களில் கிளட்ச் பெடல் ஸ்விட்சும் உண்டு, ஆட்டோமேட்டிக்கில் கியர் பி (பார்க்) அல்லது என் (நியூட்ரல்)-இல் இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

இந்த மீட்டர் போட்ட காசை எடுத்துக் கொடுத்தது ஒரு மழைக்காலக் காலையில். ஹெட்லைட் பளீரென்று எரிகிறது, ஹாரன் கத்துகிறது, சாவியைத் திருப்பினால் ஒரே 'டக்'. பேட்டரி 12.5. பையனைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு பேட்டரியின் முனைகளிலேயே அளந்தேன், 12-க்குக் கீழே இறங்கவில்லை. செல்ஃப் சுற்றத் தேவையான கரன்ட் போகவே இல்லை என்று அர்த்தம். ஒரு கடைக்காரர் போனிலேயே புது பேட்டரிக்கு விலை சொல்லிவிட்டார்.

அடுத்து, கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் தண்டிலும், சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்தேன். சாவியைத் திருப்பும்போது இங்கே 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு ஆறைத் தாண்டியது. பேட்டரி வோல்ட்டில் பாதி எர்த்து வழியிலேயே, அதாவது இன்ஜினிலிருந்து மைனஸுக்குத் திரும்பும் பாதையிலேயே, தொலைகிறது! உறுதி செய்துகொள்ள, ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து மைனஸ் முனையிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்குக்கு மாட்டினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட்.

எர்த்து கேபிள் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. கியர்பாக்ஸில் முடுக்கியிருந்த லக்குக்கு (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) பக்கத்தில் உறையைக் கத்தியால் கீறினால், உள்ளே செம்புக் கம்பி பச்சைக் களிம்பாகி, விரலில் தேய்த்தாலே உதிர்ந்தது. உப்புக் காற்றும் ஈரமும் உறைக்குள் ஏறிச் செய்த வேலை. தண்டையார்பேட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் தடித்த கேபிளில் புது லக் அடித்துக் கொடுத்தார். "தம்பி, கடலோரத்துல எர்த்தைப் பாக்காம எதையும் கழட்டாத" என்றார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பழைய பேட்டரியே அதற்கப்புறமும் ரொம்ப நாள் ஓடியது.

இப்போது மழைக்கு முன்பும் பின்பும் முனைகளைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்டுகிறேன். மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

ஒரு இடத்தில் மீட்டரை எடுக்கவே கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் போல இன்ஜின் வரை தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். மெக்கானிக் வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கட்டும்.

மீட்டரின் குறைகளும் உண்டு. ஆம்பியர் பக்கம் 10 வரைதான். அதை வைத்து செல்ஃப் கரன்ட்டை அளக்கப் போனால் மீட்டர் காலி. நின்ற வண்டியில் பேட்டரி தானாக இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் அந்த ரேஞ்ச் பயன்படும். எல்லாம் அணைந்து, வண்டி அடங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அளக்கும்போது சாவியை ஆன் செய்யக் கூடாது. கூடவே வந்த வயர்கள் சீக்கிரம் விறைத்துவிட்டன, மாற்ற வேண்டியதாயிற்று. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும், பேட்டரி அடையாளம் திரையில் வந்ததுமே மாற்றிவிடுங்கள்.

அடுத்ததாக வாங்க நினைப்பது, கேபிளைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர். கேபிளைக் கழற்றாமல் செல்ஃப் இழுக்கும் கரன்ட்டைப் பார்த்துவிடலாம். ஆனால் விலை மலிந்த கிளாம்ப்களில் பல, வீட்டு லைனில் வரும் ஏசி (மாறுதிசை) கரன்ட்டை மட்டுமே அளக்கும், கார் பேட்டரிக்குத் தேவையான டிசி (நேர்திசை) ஆம்பியர் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.