"வீட்டுத் தயாரிப்பு" ரோஜா உரம் வாங்கி 3,850 ரூபாய் போச்சு: மாடித்தோட்டக்காரர்கள் கவனம்

இன்று காலையும் ஒரு செடியைப் பிடுங்கிப் போட்டேன். ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் உடனே எழுதுகிறேன். போலி உரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, நல்ல உரத்தை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சமூக வலைத்தளத்தில் இயற்கை உரம் விற்கும் ஒரு பக்கம். கிளை தெரியாமல் பூத்த ரோஜா வீடியோக்களாகப் போடுவார்கள். எங்கள் மாடியில் பன்னீர் ரோஜாவும் எட்வர்ட் ரோஜாவும் தொட்டியில் இருக்கின்றன. கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) முடித்து உரம் வைக்கும் நேரம் என்பதால் விசாரித்தேன். பேசிய பையன் அவ்வளவு பணிவு. "அக்கா, எங்க அம்மா கையால பண்றது. சாணம், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, எலும்புத் தூள், வேற எதுவும் கிடையாது" என்றான். பின்னணியில் ஒரு அம்மா குரல், "அந்தப் பிள்ளைக்கு நல்லதா எடுத்து வைடா" என்றது. அந்தக் குரலுக்காகத்தான் அன்றைக்கே பணம் அனுப்பினேன். உரக் கலவை, மீன் அமிலம், பஞ்சகவ்யம் எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய். முழுப்பணமும் முன்கூட்டியே.

வந்த மூட்டையில் தயாரித்த தேதி இல்லை, முகவரி இல்லை, என்னென்ன கலந்தது என்று ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "வீட்ல பண்றதுக்கு எதுக்குக்கா லேபிள்? தொட்டிக்கு ரெண்டு கைப்பிடி போடுங்க" என்றான். போட்டேன். அந்த வாரமே இலை ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டது. கவாத்துக்குப் பிறகு வந்த சிவப்புத் துளிர் அத்தனையும் கருகியது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தது.

சந்தேகம் வந்து, மிச்சமிருந்ததில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்த வெள்ளைக் குருணை கரையக் கரைய டம்ளர் சில்லிட்டது. அடியில் தங்கியது மணலும் செம்மண்ணும். பக்கத்து நர்சரி அண்ணனிடம் காட்டினேன். "யூரியாம்மா இது. தொட்டிச் செடிக்கு இவ்வளவு போட்டா வேர் வெந்துடும்" என்றார். யூரியா ரசாயன உரம், அதில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). அதைத்தான் இயற்கை உரம் என்று சொல்லி ரெண்டு கைப்பிடி போடச் சொன்னான். மீன் அமிலம் பாட்டிலைத் திறந்தால் சாக்கடை நாற்றம்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "தண்ணி நிறைய ஊத்துங்க அக்கா". பிறகு "உங்க ஊர் வெயில் அப்படி". பிறகு "உங்க மண்ணு சரியில்ல". டம்ளர் வீடியோவை அனுப்பியதும் "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்". அம்மா கையால் செய்கிற உரத்துக்கு ஓனர் எங்கிருந்து வந்தார்? 3,850 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பதில் இல்லை. அவர்கள் பக்கத்தில் கருத்து போட்டேன், அழித்துவிட்டு என்னையும் தடுத்துவிட்டார்கள். அந்த ரோஜா வீடியோ மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 3,850 ரூபாயைக்கூட விடுங்கள். வருஷக்கணக்காக வளர்த்த பன்னீர் ரோஜாவை யார் திருப்பித் தருவார்கள்?

சரி, சொன்னபடி விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லேபிளும் முகவரியும் இல்லாத உரத்துக்கு முழுப்பணம் கொடுக்காதீர்கள். வந்ததும் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், ஒரே ஒரு செடிக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல மண்புழு உரத்தில் மழை பெய்த மண் வாசனைதான் வரும். மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம அளவு போட்டு மூடி வைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமிலம் தேன் நிறத்தில் பழ வாசனையோடு தயாராகும், நாற்றமே இருக்காது. கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினாலே ரோஜா துளிர்க்கும்.

ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் மூட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். படம், பணம் அனுப்பிய ரசீது, அந்தப் பையன் பேசிய குரல் பதிவு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். நானும் புகார் கொடுத்துவிட்டேன்.