ஹால் சுவருக்கு எந்த ஆரஞ்சு: சுடுமண்ணா, செண்டுமல்லியா, கடுகு மஞ்சளா?

சிங்கப்பூரில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சாவி வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளை, இல்லையென்றால் வெளிர் சாம்பல் என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு சுவராவது கதகதப்பாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் சாயக் கடை அட்டையைப் புரட்டும்போது இந்த மூன்றில்தான் வந்து நிற்பார்கள்: சுடுமண் நிறம் (அட்டையில் டெரகோட்டா என்று இருக்கும்), செண்டுமல்லிப் பூவின் பளிச்சென்ற ஆரஞ்சு, கடுகு மஞ்சள். நாங்கள் அடித்தது சுடுமண். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

விலையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. எங்களுக்குச் சொன்ன விலையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எது அடித்தாலும் அடிப்பூச்சு வேண்டும், மேலே குறைந்தது இரண்டு பூச்சு வேண்டும்.

பளிச்சென்ற ஆரஞ்சின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. தேக்காவில் பஃபலோ ரோடு பூக்கடைகளைத் தாண்டும்போது மாலைகளின் நிறம் கண்ணை இழுக்கும். அதே கொண்டாட்டம் வீட்டிலும் வேண்டும் என்று மனம் கேட்கும். ஆனால் மாலை சில முழம்தான், சுவரோ தரையிலிருந்து கூரைவரை. அட்டையில் விரல் அகலத்துக்குத் தெரியும் நிறம், சுவர் முழுக்கப் பரவியதும் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

சுடுமண் நிறமும் ஆரஞ்சு குடும்பம்தான். சிவப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும், கொஞ்சம் பழுப்பு சேர்ந்து பளபளப்பை அடக்கிவிடும். செங்கல், பூந்தொட்டி, பழைய கடைவீடுகளின் கூரை ஓடு எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். களிமண்ணில் உள்ள இரும்பு, காற்று தாராளமாகக் கிடைக்கும் சூளையில் வெந்து இந்த நிறத்துக்கு வருகிறது. காற்றை அடைத்துச் சுட்டால் அதே மண் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறிவிடும். ஜூரோங்கில் 1940இல் கட்டிய தாவ் குவாங் டிராகன் சூளைப் பக்கம் போனால், சுட்ட மண்ணின் நிறம் மரம் செடிகளின் பச்சைக்கு நடுவில் எப்படி அமர்கிறது என்று பகல் வெளிச்சத்திலேயே பார்க்கலாம்.

சரி, எங்களை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: வெளிச்சம்.

எங்கள் ஹால் மேற்குப் பார்த்தது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணியையொட்டித்தான் மறைகிறது. சாயங்கால வெயில் தாழ்ந்து நேராக உள்ளே வரும். அந்த நேரத்தில் பளிச்சென்ற ஆரஞ்சுச் சுவர் தன் நிறத்தைச் சுற்றியுள்ள எல்லாவற்றின் மேலும் வீசும். வெள்ளைத் தரை, கூரை, சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் முகம், தட்டில் இருக்கும் சோறு, எதுவும் தப்பாது. சுடுமண் நிறம் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தானே உள்வாங்கிக்கொள்வதால் இந்த வீச்சு மிகக் குறைவு. வெயில் படும்போது சுவர் மட்டும் ஒளிரும், அறை அறையாகவே இருக்கும்.

பகலில் மழை மேகம் கவிந்தால் கதை திரும்பும். வானத்திலிருந்து வரும் வெளிச்சம் நீலச் சாயலாகிவிட, சுடுமண் கொஞ்சம் மங்கிப் பழுப்பாகத் தெரியும். இதை மறைத்துப் பேச முடியாது. தாழ்வாரம் பார்த்த அறைக்கு இந்த நிறத்தை நான் சொல்லமாட்டேன், அங்கே பகலிலும் இருட்டாகத் தோன்றும்.

அதைவிட முக்கியம் இரவு விளக்கு. இங்கே பல வீடுகளில் 6500 கெல்வின் எல்இடிதான் (கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சம் நீலச் சாயலாகும், இறங்கினால் மஞ்சள் சாயலாகும்). அந்த வெள்ளை வெளிச்சத்தில் நீலம் அதிகம், அடர் சிவப்பு குறைவு. சுடுமண்ணின் உயிரே சிவப்பில் இருப்பதால் சுவர் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். 3000 கெல்வின் விளக்குக்கு மாறினால் நிறம் திரும்பி வரும். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள், முடிந்தால் சிவப்பைக் காட்டும் திறனுக்கான ஆர்9 மதிப்பையும் கேளுங்கள். பெட்டியில் போடும் பொது எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரி; அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கில் வராது. அதற்குத்தான் ஆர்9 தனியாக இருக்கிறது. பளிச்சென்ற ஆரஞ்சு எந்த விளக்கிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இந்த ஒரு இடத்தில் அதற்குத்தான் வெற்றி.

ஆனால் வெளிச்சம் நிறத்தை மாற்றுவதோடு நிற்பதில்லை, வருடக்கணக்கில் வெளுக்கவும் வைக்கிறது. சுடுமண் சாயங்களுக்கு நிறம் தருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. ஆதி மனிதர் குகைச் சுவரில் தீட்டிய காவியும் இதே பொருள்தான், வெயிலுக்கு அசையாது. பளிச்சென்ற ஆரஞ்சுகள் பெரும்பாலும் கரிம நிறமிகளை நம்பியவை. அவற்றிலும் நல்ல தரம் உண்டு, மலிவானவை சீக்கிரம் வெளுக்கும். எங்கள் வீட்டில் மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிப் பார்த்தபோது, பின்னால் இருந்த சுவருக்கும் வெளியே இருந்த சுவருக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வீட்டு அனுபவம்தான், இருந்தாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பராமரிப்பில் ஒரு தொல்லை உண்டு. மினுமினுப்பில்லாத அடர் நிறத்தில் நாற்காலி உரசினால் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில் மட்டும் பூசினால் திட்டாகத் தெரியும், முழுச் சுவரையும் அடிக்கத்தான் வேண்டும். சாமி மேடை விளக்கின் புகைக்கறை மட்டும் வெள்ளைச் சுவரில் தெரிகிற அளவுக்கு இதில் தெரிவதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். திரும்ப வெள்ளையாக்க அடிப்பூச்சும் கூடுதல் பூச்சும் ஆகும்.

கடுகு மஞ்சளோடு நான் வாழ்ந்ததில்லை, சொந்தக்காரர் வீட்டில் பார்த்ததுதான். பகலில் அருமையாக இருந்தது. வெள்ளை எல்இடி போட்டதும் பச்சை தட்டியது. அதற்கு மேல் தீர்ப்பு சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

சுடுமண்ணுக்குத் துணையாகத் தேக்கு மரம், பித்தளைக் குத்துவிளக்கு, இலைப்பச்சை, சாம்பல் கலந்த நீலம் எல்லாம் நன்றாகச் சேரும். மற்ற மூன்று சுவரையும் நீல வெள்ளையாக விடாமல் சந்தன வெள்ளைக்குப் போங்கள். பளிச்சென்ற ஆரஞ்சின் மேல் ஆசை விடவில்லையென்றால் மெத்தை உறையிலும் தீபாவளித் தோரணத்திலும் வைத்துக்கொள்ளலாம். எடுத்து மடித்து வைக்க முடியும்.

எதை எடுத்தாலும் சிறிய டப்பா வாங்கி, பெரிய அட்டை ஒன்றில் இரண்டு பூச்சு அடித்து, அதே சுவரில் ஒட்டுங்கள். காலையில், ஐந்தரை மணி வெயிலில், இரவு உங்கள் விளக்கில் என்று மூன்று வேளையும் பார்த்த பிறகு சாயக்காரரைக் கூப்பிடுங்கள். விளக்கை மாற்றுவதாக இருந்தால் அதைச் சாயத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.