அப்பாவின் கல்லூரிப் படமும் சாட்ஸ்வொர்த் கராஜ் கடையும்

டர்பனில் பழைய குரூப் போட்டோவைச் சரிசெய்ய இடம் தேடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்ஸ்வொர்த்தில் ஒரு அக்கா தன் வீட்டு கராஜில் இந்த வேலையைச் செய்கிறார், அங்கே கொடுங்கள். பெயர்ப்பலகை கிடையாது. அந்தப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

நான் கொண்டுபோனது 1946இல் எடுத்த படம். சாஸ்திரி கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெற்ற இளைஞர்கள் மூன்று வரிசையில் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் கூட இல்லை. பின் வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஆள் என் அப்பா. டர்பன் ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அட்டை பழுத்து, ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. வெள்ளை மையில் எழுதிய பெயர்கள் பாதி மங்கிவிட்டன.

முதலில் கொடுத்தது ஒரு பெரிய வணிக வளாகத்தில் இருக்கும் கடையில். கைபேசியில் ஒரு படம் பிடித்தார்கள், கணினியில் ஏதோ மென்பொருளில் போட்டார்கள், பத்தே நிமிடத்தில் பளபளவென்று ஒரு படம் வந்தது. புள்ளி ஒன்று கூட இல்லை. அப்பாவும் இல்லை. யாரோ சினிமா நடிகர் மாதிரி ஒரு பையன் அப்பாவின் பிளேசரைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். டோங்காட்டிலிருந்து வந்த அவருடைய நண்பருக்குப் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு; நாங்கள் சித்தப்பா என்றே கூப்பிட்ட மனிதர். அந்தத் தழும்பு துடைத்தெடுத்தது போல் போய்விட்டது. பெயர்கள் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளாக மாறிவிட்டன. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. குரூப் படத்தில் ஒரு முகம் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதில் இல்லாத விவரத்தை மென்பொருள் தானாகக் கற்பனை செய்து நிரப்பிவிடுகிறது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் ஆள் இல்லை.

இந்தப் படத்துக்கு ஏன் இத்தனை பாடு என்றால், இதில் இருப்பவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக 1927இல் இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்த வலங்கைமான்காரர் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார் முன்நின்று, நம் மக்கள் கொடுத்த பணத்தில் எழுப்பிய கல்லூரி அது. 1929இல் திறந்தார்கள். உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் விண்டர்ட்டன் வாக்கில் ஒரே இடத்தில் நடந்தன. நாட்டால் மாகாணத்தில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி பற்றாது, ஆசிரியர் பற்றாது, வெள்ளை ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளமும் நம்மவருக்குக் கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில் கரும்புத் தோட்டத்து வீடுகளிலிருந்து வந்து சுண்ணக்கட்டி பிடித்தவர்கள் இவர்கள்.

அப்பா மேகசின் பாரக்ஸில் தன் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள். குடும்பம் முழுக்க ஒரே அறையில். அதனால் கல்லூரியிலேயே இருந்து பாடக்குறிப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். அவர்கள் பயந்ததெல்லாம் 'கிரிட்' நாளுக்குத்தான். ஒருவர் வகுப்பு எடுக்க, விரிவுரையாளரும் கூடப் படிப்பவர்களும் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறை எழுதுவார்கள். முடிந்ததும் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். கரும்பலகையில் எழுத்து சாய்ந்தால் அதுவும் குறை, முதுகைக் காட்டி நின்றால் அதுவும் குறை. அப்பாவின் கையெழுத்து கடைசிவரை அச்சடித்த மாதிரி இருந்தது அதனால்தான். சம்பளமில்லாத பையன்கள், கிரே தெருவில் ஒரு பீன்ஸ் 'பன்னி சவ்' (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பியது) வாங்கி மூன்று பேர் பிய்த்துத் தின்பார்களாம். பிறகு கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் பந்தாட்டம். 1946 ஜூனில், இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து, அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சேரும் முனையில் சத்தியாக்கிரகிகள் கூடாரம் போட்டபோது இவர்களும் மாலையில் போய் நின்றிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் வேலைக்குப் போகவேண்டியவர்கள், அதனால் கொஞ்சம் தள்ளியே.

சரி, கடைக்கு வருகிறேன். அக்கா படத்தை வாங்கியதும் செய்த முதல் காரியம், அதைப் பிரிக்க மாட்டேன் என்று சொன்னது. கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கிடத்தி, மேலே கேமராவை மாட்டி, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கண்ணாடியில் எதுவும் பிரதிபலிக்காதபடி சுற்றிலும் கறுப்புத் துணி கட்டினார். நான்கு பகுதிகளாகப் படம் பிடித்துக் கணினியில் இணைத்தார். அப்புறம் புள்ளிகளையும் கீறல்களையும் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தார். முகத்தின் மேல் விழுந்த கீறலுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டு, "இது கீறலா, தழும்பா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே நான் காசு கொடுப்பேன். நம்மில் பல பேருக்கு மறந்துபோன தமிழில் தட்டுத் தடுமாறித்தான் பேசுகிறார், ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்கிறார்.

கிடைத்தது இரண்டு கோப்பு. ஒன்று கைவைக்காத நகல், இன்னொன்று சரிசெய்தது. இரண்டையும் டிஃப் வடிவில் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். பருத்தித் தாளில் ஒரு பிரதியும் அச்சிட்டார். பழைய அட்டையில் எழுதியிருந்த பெயர்களை அவர் தொடவே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டி, படிக்கும்படி மட்டும் செய்திருந்தார். அதனால் மங்கிய பெயர்களில் நாலைந்தைப் படிக்க முடிந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் தேடி ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன்.

குறை உண்டு. ரொம்ப மெதுவாகச் செய்கிறார். எழுபதாம் பிறந்தநாளுக்கோ திவசத்துக்கோ வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கார்டு எடுக்க மாட்டார், ரொக்கம்தான். என்னிடம் 900 ராண்டு வாங்கினார், பெரிய படத்துக்கு இன்னும் கூடும். பிரேமும் போடுகிறார், அதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் சாதாரண ஹார்ட்போர்டு வைக்கிறார், அதிலிருந்து வரும் அமிலம்தான் நம் பழைய படங்களைக் கெடுத்ததே. பிரேம் போடும் கடையில் அமிலம் இல்லாத அட்டை வேண்டும் என்று கேளுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தில் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், அப்போதுதான் மறுபடி ஒட்டாது.