மௌஞ்சாரோ போட்ட ஒரு வருடம்: பசி, பணம், ஊரார் பேச்சு

மௌஞ்சாரோ என்ற எடை குறைக்கிற ஊசியைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாரும் எத்தனை கிலோ குறைந்தது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். 94 கிலோ இருந்தேன், இப்போது 76. அதைச் சொன்னதும் எந்த மெடிக்கலில் கிடைக்கும் என்பார்கள். நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: மாதாமாதம் இந்தப் பணத்தை எத்தனை வருடம் கொடுக்க முடியும்? நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னாரா? இதற்குப் பதில் இல்லாமல் ஊசியை ஆரம்பித்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வயது 46, உயரம் 157 செ.மீ. சர்க்கரை, பிரஷர், மாடிப்படி ஏறினால் முழங்கால் வலி, மூன்றும் இருந்தன. மௌஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தது 2025 மார்ச்சில். அப்போது சின்னக் குப்பியாக வந்தது. வாரம் ஒரு குப்பி. அன்றைய விலைக்கு 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். அதாவது மாதம் 14,000, பிறகு 17,500. அதே வருடம் ஆகஸ்டில் நான்கு வாரத்துக்கான பேனா வடிவ ஊசியும் வந்தது. டோஸ் ஏற ஏறச் செலவும் ஏறும். இதை முதலிலேயே கணக்குப் போட்டு, வீட்டில் பேசி முடிவு செய்துதான் நாகர்கோவிலில் ஒரு சர்க்கரை நோய் டாக்டரிடம் போனேன். அவர் உடனே எழுதிக் கொடுக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, எனக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பையில் கல் உண்டா என்று கேட்டார். கண் விழித்திரையைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது கூடலாமாம். இத்தனையும் கேட்காமல் ஊசியை எழுதுகிற டாக்டரிடம் போகாதீர்கள்.

மௌஞ்சாரோவில் இருக்கிற மருந்தின் பெயர் டிர்செபடைட். சாப்பிட்டதும் குடலில் சுரக்கிற ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற இரண்டு ஹார்மோன்களைப் போல இது வேலை செய்கிறது. வயிறு மெதுவாகத்தான் காலியாகும், போதும் என்ற உணர்வு சீக்கிரம் வந்துவிடும். அந்த உணர்வு எனக்குப் புதிது. பள்ளி விட்டு வரும் வழியில் டீக்கடையில் ரசவடையும் ஏத்தம்பழ பஜ்ஜியும் போட்டுக்கொண்டிருந்தால், சாயாவோடு ஒன்று வாங்காமல் கடந்து போனதே இல்லை. மூன்றாவது வாரத்தில் அந்தக் கடையைத் தாண்டி வீட்டுக்கே வந்துவிட்டேன். நினைவே வரவில்லை. இத்தனை வருடமாக, வாயைக் கட்டத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி எல்லாரும் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். அது உடம்பின் கோளாறு, குணத்தின் கோளாறு இல்லை என்று தெரிந்தபோது அழுகை வந்தது.

சரி, தொந்தரவுகள். முதல் இரண்டு மாதம் குமட்டல். ஊசி போட்ட மறுநாள்தான் மோசம். அதனால் வெள்ளி இரவு போட ஆரம்பித்தேன். சனிக்கிழமை வீட்டில் படுத்துக்கொள்ளலாம், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குள் ஓரளவு சரியாகிவிடும். நாளை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு ஊசிக்கு நடுவில் குறைந்தது மூன்று நாள் இடைவெளி வேண்டும். மீன் பொரிக்கிற வாசனை ஆகாமல் போனது. எங்கள் வீட்டில் இது பெரிய விஷயம். அவரும் பிள்ளைகளும் கொஞ்ச நாள் எனக்காகக் குழம்பு மீனோடு சமாளித்தார்கள். அழுகிய முட்டை மாதிரி ஏப்பம் வந்தது. மலச்சிக்கல் இன்னும் இருக்கிறது. நாலைந்து மாதம் கழித்துத் தலைமுடி கொத்தாகக் கொட்டியது. எடை வேகமாகக் குறைந்தால் அப்படி நடக்கும், திரும்ப வளரும் என்றார் டாக்டர். வளர்ந்தது. டோஸை மாதத்துக்கு ஒரு படி என்று ஏற்றியே ஆக வேண்டும் என்றில்லை. நான் 5-இல் பல மாதம் நின்றுவிட்டு 7.5-க்குப் போனேன். தாங்குகிற டோஸில் எடை குறைந்துகொண்டிருந்தால் அங்கேயே நிற்பது நல்லது.

குமட்டலைவிட ஆபத்தாக இருந்தது வேறொன்று. என் சுகர் மாத்திரையில் கிளிமிபிரைடு என்ற மருந்து இருந்தது; சாப்பாடு குறைந்தாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். சாப்பாடு குறைந்ததும் ஒரு நாள் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. பார்த்தால் சர்க்கரை 62. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் ஊசியைத் தாமாக ஆரம்பிக்கவே கூடாது. நிற்காத வயிற்று வலி முதுகு வரை போனால் வாயுத் தொல்லை என்று சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது கணையமாக இருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. பசியில்லை என்று ஒரு சாயாவும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிறவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரையும். முகம் ஒட்டி, மாடி ஏற முடியாமல் போகிறவர்கள் இவர்கள்தான். என் வயிறு இப்போது கொள்வது பழைய சாப்பாட்டில் பாதிகூட இல்லை. அந்தப் பாதியை மரச்சீனிக் கிழங்கால் நிரப்பினால் மீனுக்கு இடமிருக்காது. அதனால் தட்டில் முதலில் மீன், பிறகு தோரன், கடைசியில் சம்பா அரிசிச் சோறு ஒரு கரண்டி. சாளையும் நெத்திலியும் நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது பெரிய வரம். புரதப் பவுடர் டப்பாவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இரவில் சிறுபயறு அதிகமும் அரிசி குறைவுமாகக் கஞ்சி. காலையில் இரண்டு முட்டை. சாயங்காலம் பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டி நடக்கிறேன், வீட்டில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குகிறேன். நடப்பது மட்டும் தசைக்குப் போதாது.

அப்புறம் கல்யாண வீடுகள். இலையில் பருப்பு, அவியல், எரிசேரி, புளிசேரி, அதன் பிறகு இரண்டு பாயசம் என்று வரிசையாக வரும்போது, இரண்டு வாய்க்கு மேல் இறங்காதவள் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லார் கண்ணும் அங்கேதான். நம்ம ஊரில் சாப்பாடு போடுவதுதான் பிரியம். வேண்டாம் என்றால் அவர்களையே வேண்டாம் என்றது போல முகம் சுருங்கிவிடுகிறது. ஒரு கல்யாணத்தில் என் வீட்டுக்காரருடைய சித்தி என் கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப்போய், “ஆர்.சி.சி.க்குப் போனியா மக்களே? ஒளிக்காம சொல்லு” என்று கேட்டார்கள். கண் கலங்கியிருந்தது. திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நம் மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் போய் வருகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். அன்றே ஊசி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அதுவரை வீட்டாரைத் தவிர மாமிக்கும் மயினிக்கும் மட்டும்தான் தெரியும்.

மறைப்பது உடம்புக்கும் கெடுதல். ஊசி போடுவதை வீட்டில்கூடச் சொல்லாதவர்கள், வேறு டாக்டரிடம் போகும்போதும் சொல்வதில்லை. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மணிக்கணக்காகப் பட்டினி இருந்தாலும் வயிற்றில் சாப்பாடு மிச்சமிருக்கலாம், அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. கல்யாணமான இளம்பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி ஊசியை நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஊசி தொடங்கிய பின் நான்கு வாரமும், டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதன் பின் நான்கு வாரமும் வேறு தடுப்பும் தேவை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மருந்தைப் பாதுகாப்பதும் ஒரு வேலை. 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், ஃப்ரீசருக்குள் போகவே கூடாது, உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு கடையில் வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினார்கள், வாங்காமல் வந்துவிட்டேன். இப்போது வாங்கும் கடையில் ஐஸ் பேக்கோடு தருகிறார்கள், பில்லும் தருகிறார்கள். ஓசெம்பிக் என்பது செமாகுளூட்டைடு என்ற வேறொரு மருந்துள்ள ஊசி; அதில் போலி நடமாடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2024-இல் எச்சரித்தது. பில் இல்லாமல், குறைந்த விலைக்கு, தெரிந்தவர் மூலமாக என்று வருவதைத் தொடாதீர்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள். 2017-இல் ஒக்கி புயலில் நாட்கணக்காக இருட்டில் கிடந்தவர்கள் நாம். மௌஞ்சாரோ குப்பி 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 21 நாள் வரை தாங்கும். மழைக்காலத்தில் அவ்வளவு கவலையில்லை, பங்குனி, சித்திரையில் நம் வீட்டு அறைகளே 30-ஐத் தாண்டும்.

இனி நிறுத்துவது பற்றி. வீட்டில் பெரிய செலவு வந்தபோது டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சில வாரம் ஊசி இல்லாமல் இருந்தேன். பசி பழையபடி திரும்பியது. ராத்திரி படுத்த பிறகு அடுக்களையில் மிச்சமிருக்கும் கிழங்கு ஞாபகம் வந்தது. உறுதி குறைந்ததால் அல்ல, மருந்து இல்லாததால். சர்மவுன்ட்-4 என்ற ஆய்வு 2023 டிசம்பரில் வெளியானது. 36 வாரத்தில் சராசரியாக 20.9 சதவீத எடையைக் குறைத்தவர்களில், ஒரு பகுதியினருக்கு அதன் பிறகு மருந்தில்லாத வெற்று ஊசி கொடுத்தார்கள். அடுத்த 52 வாரத்தில் அவர்களுக்கு 14 சதவீதம் ஏறியது. மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு இன்னும் 5.5 சதவீதம் குறைந்தது. மகள் கல்யாணத்துக்குள் இளைத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று நகையை அடகு வைத்து வாங்குகிறவர்களுக்கு இந்த எண்களைத்தான் காட்டுகிறேன். பிரஷர் மாத்திரையை இரண்டு மாதம் போட்டுவிட்டு நிறுத்துவோமா?

எனக்கு மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 8.1-இலிருந்து 5.9-க்கு வந்திருக்கிறது. பிரஷர் மாத்திரை பாதியானது. முழங்கால் வலி மழைக்காலத்தில் மட்டும். கொடுத்த பணத்துக்கு இது வீணில்லை என்று நம்புகிறேன், தொடரப் போகிறேன். எடை சில மாதமாக அசையவில்லை, டோஸை ஏற்ற வேண்டாம் என்று டாக்டரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். செமாகுளூட்டைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சோடு முடிந்ததால், நம் நாட்டு நிறுவனங்களும் அதைத் தயாரிக்க வழி திறந்திருக்கிறது. அது வேறு மருந்து, டோஸ் கணக்கும் வேறு; விலையை மட்டும் பார்த்து நாமாக மாற முடியாது. அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்துக்கொண்டு போகும்போது, அதற்கு மாறினால் எனக்குச் சரிவருமா என்று கேட்கப் போகிறேன்.